துப்பறியும் நாவலும் தெய்வக் குற்றமும்

(ஊத்துக்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நோட்டீசில் கண்டதும் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாயிருந்திருக்கலாம். சாதி ஒழியவேண்டும், மூடநம்பிக்கை ஒழியவேண்டும் என்று பேசுகிறவர்களுக்குக் கதைப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற முறை நாம் இவ்வூருக்கு வந்து, கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் வந்து, "ஐயா! புராணம் பொய், அதை நம்பாதே என்கிறீர்கள். உங்கள் பையிலே துப்பறியும் நாவல் இருக்கிறதே, அது மட்டும் மெய்யா?" என்று கேட்டார். கேள்வி நியாயமான கேள்வி. அதற்குள் பஸ் வந்துவிட்டபடியால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்லுகிறோம்.

அன்று நம் பையில் இருந்தது வடக்கே வெகு தூரத்தில், பனிக்காட்டு வழியில் நடக்கிற கதை. அப்படிப்பட்ட கதைகள் அநேகம் உண்டு. நாலைந்து பேர் ஒரு காரிலே புறப்படுகிறார்கள். நூறு மைலுக்கு ஊர் கிடையாது, விளக்குக் கிடையாது. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் ஒருவனைக் காணோம். அந்தக் காட்டிலே பேய் உண்டு என்று பெட்ரோல் போடுகிறவன் முன்னமே எச்சரித்திருக்கிறான். ராத்திரியில் ஊளைச் சத்தமும் கேட்டிருக்கிறது. இருநூறு பக்கத்துக்கு நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. கடைசிப் பக்கத்திலே என்ன தெரிகிறது? பேயுமில்லை, பிசாசுமில்லை, கூட வந்த கூட்டாளிகளில் ஒருவன், பாகம் பிரியாத சொத்துக்காகச் செய்த வேலை என்று தெரிகிறது. டயர்த் தடமும், நின்றுபோன கடிகாரமும், ஒரு ரசீதுத் துண்டும் சேர்ந்து அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

தோழர்களே! ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைசிப் பக்கத்திலே ஆசிரியர், "அவனைக் கொண்டுபோனது முனீஸ்வரன்தான், அவன் சென்ற ஜன்மத்தில் செய்த பாவம், சுபம்" என்று எழுதி முடித்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? புத்தகத்தைத் தூக்கி எறியமாட்டீர்களா? கடைக்காரனிடம் போய், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டீர்களா? ஏன்? மோசம் போனோம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நடந்ததற்குக் காரணம் கேட்டோம், காரணம் சொல்லாமல் கடவுளைச் சொல்லி ஏய்த்துவிட்டான் என்று தோன்றுகிறது. கதைப் புத்தகத்திலே மோசம் போக ஒப்பாத நீங்கள், உங்கள் சொந்த வீட்டிலே, சொந்தப் பிள்ளையின் காய்ச்சலிலே, சொந்த மாட்டின் சாவிலே மட்டும் அதே மோசத்துக்கு ஏன் ஒப்புகிறீர்கள் என்பதுதான் இன்று நாம் கேட்க வந்த கேள்வி.

இது நாம் மட்டும் சொல்லுகிற நியாயமல்ல. இங்கிலாந்திலே ரொனால்ட் நாக்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவரும் துப்பறியும் கதை எழுதினவர். 1929-ம் ஆண்டில் இந்தக் கதைகள் எழுதுவதற்குப் பத்து விதிகளை வகுத்தார். அவற்றில் இரண்டாவது விதி என்ன தெரியுமா? இயற்கைக்கு மேற்பட்ட சக்திகள் எதுவும் கதையிலே தலைகாட்டக்கூடாது என்பது. சரி, இவர் நம்மைப்போல ஒரு நாஸ்திகரா என்றால் அதுதான் வேடிக்கை. அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்! பைபிளையே இங்கிலீஷில் புதிதாக மொழிபெயர்த்தவர். கோவிலிலே நின்று கடவுளின் அற்புதங்களைப் பிரசங்கம் செய்தவர், கொலைக்குத் துப்பு கண்டுபிடிக்கிற இடத்துக்கு வந்ததும், "கடவுளே, நீர் சற்று வெளியே நில்லும்" என்று சொல்லிவிட்டார். உண்மை வேண்டுமானால் கடவுளை வைத்துக்கொண்டு காரியம் நடக்காது என்பது பாதிரியாருக்கே தெரிந்திருக்கிறது.

நம் நாட்டுச் சங்கதியைப் பாருங்கள். தமிழனுக்குத் துப்பறியும் நாவல் புதிதல்ல. ஜே. ஆர். ரங்கராஜு 'இராஜாம்பாள்' என்ற நாவலை 1908-லேயே எழுதி, கோவிந்தன் என்ற துப்பறிவோனைத் தமிழனுக்கு அறிமுகப்படுத்தினார். ஆரணி குப்புசாமி முதலியார் வெளிநாட்டுக் கதைகளைத் தமிழ்ப் பெயரும் தமிழ் உடுப்பும் மாட்டிக் கொண்டுவந்து குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையே துப்பறிய விட்டார். நம் காலத்திலே கோயமுத்தூர் ராஜேஷ்குமார் எழுதியவை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலே சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட் நாவல்களை உங்களில் படிக்காதவர் யார்? நாமே பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள். எழுத்துக் கூட்டி வேகமாகப் படிக்கக் கற்றதே சவரக்கடைப் பெஞ்சில் கிடந்த அப்படிப்பட்ட புத்தகங்களிலேதான். ஆக, நூறு வருஷத்துக்கு மேலாகத் தமிழன், "எந்தக் காரியத்துக்கும் காரணம் உண்டு, காரணத்தைத் தடயம் கொண்டுதான் அறியவேண்டும்" என்ற பாடத்தை ராத்திரியெல்லாம் விழித்திருந்து படித்திருக்கிறான். படித்துவிட்டு விடிந்ததும் ஜோசியன் வீட்டுக்குப் போயிருக்கிறான்!

'பாஸ்கர்வில்லின் வேட்டை நாய்' என்று கோனன் டாயில் எழுதிய கதையைச் சிலர் படித்திருப்பீர்கள். 1902-ல் புத்தகமாக வந்தது. டார்ட்மூர் என்ற ஆளரவமற்ற புல்வெளிக் காடு. அங்கே ஒரு பழைய ஜமீன் வீடு. அந்த வம்சத்து முன்னோன் ஒருவன் செய்த பாவத்துக்காக ஒரு பேய் நாய் பரம்பரை பரம்பரையாகத் துரத்துகிறது என்று ஐதீகம். ஜமீன்தார் ஒருவர் செத்துக் கிடக்கிறார். பக்கத்திலே பெரிய நாயின் அடிச்சுவடு. "சாபம் பலித்தது" என்கிறது ஊர். ஷெர்லக் ஹோம்ஸ் என்ன கேட்கிறான்? இந்தச் சாவினால் யாருக்கு லாபம் என்று கேட்கிறான். கடைசியில், சொத்துக்கு ஆசைப்பட்ட மறைமுக வாரிசு ஒருவன், பெரிய நாய் ஒன்றை வாங்கி வளர்த்து, அதன் முகத்திலே ஒளிவிடும் மருந்தைப் பூசி ஏவி விட்டான் என்று வெளியாகிறது. சாபம் என்ற ஐதீகம் கொலைகாரனுக்குப் போர்வையாக உதவியது. அது இல்லாவிட்டால் அவன் முதல் நாளே பிடிபட்டிருப்பான்.

தோழர்களே! நம் நாட்டில் எத்தனை சாபம், எத்தனை தோஷம், எத்தனை பரிகாரம்! இவற்றால் யாருக்கு லாபம் என்று ஒரே ஒரு தரம் கேட்டுப் பார்த்தால், மருந்து பூசிய நாயை வளர்க்கிறவன் யாரென்று தெரிந்துவிடாதா?

ஆனால் ஒன்று. புத்தகம் படித்தால் மட்டும் போதாது, எழுதினால்கூடப் போதாது. அந்தக் கோனன் டாயிலே இதற்குச் சாட்சி. காட்டிங்லி என்ற கிராமத்திலே பதினாறு வயதுப் பெண்ணும் ஒன்பது வயதுப் பெண்ணும், தாங்கள் ஓடைக்கரையில் தேவதைகளைப் பார்த்ததாகச் சொல்லி 1917-ல் போட்டோவும் காட்டினார்கள். ஹோம்ஸைப் படைத்த அந்த மனிதர் அதை நம்பி, 1922-ல் தேவதைகளின் வருகை என்று ஒரு புத்தகமே எழுதினார். 1983-ல், கிழவிகளாகிவிட்ட அந்தப் பெண்களே, அட்டையில் வரைந்து கத்தரித்துத் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திய பொம்மைகள் அவை என்று ஒப்புக்கொண்டார்கள். பார்த்து வரைந்த படம் ஒரு குழந்தைகள் புத்தகத்தில் இருந்தது. அதே புத்தகத்தில் கோனன் டாயில் எழுதிய கதையும் ஒன்று இருந்தது! ஆகவே அறிவு இருந்தால் மட்டும் போதாது. அதை எல்லா இடத்திலும், முக்கியமாக நாம் நம்ப ஆசைப்படுகிற இடத்தில், பிரயோகிக்கவேண்டும்.

"இதெல்லாம் கதை, நிஜத்தில் எங்கே?" என்று கேட்பீர்கள். நிஜத்துக்கே வருகிறோம். நம் நாட்டின் வட எல்லையில், இமயமலையிலே, இப்போது உத்தராகண்ட் என்று சொல்லப்படுகிற ராஜ்யத்திலே, ரூப்குண்ட் என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறையப் பதினாறாயிரம் அடி உயரம். வருஷத்தில் பெரும்பகுதி பனிக்கட்டி. 1942-ல் காட்டிலாகா ரேஞ்சர் ஒருவர் அங்கே போனபோது, கரையிலும் தண்ணீரிலும் நூற்றுக்கணக்கான மனிதர்களின் எலும்புகள் கிடக்கக் கண்டார். ஊருமில்லை, பாதையுமில்லை, இத்தனை பேர் இங்கே வந்து ஏன் செத்தார்கள்? எந்த நாவலாசிரியரும் இதைவிடப் பெரிய மர்மத்தைக் கற்பனை செய்ததில்லை.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு விடை தயாராக இருந்தது. கன்னோசி ராஜா ஒருவன் தன் கர்ப்பிணி மனைவியோடும் ஆட்டக்காரிகளோடும் நந்தாதேவிக்கு யாத்திரை போனானாம். பரிசுத்தமான இடத்தில் ஆட்டமும் பாட்டமும் நடந்ததால் தேவி கோபங்கொண்டு ஆலங்கட்டி மழையை ஏவி எல்லோரையும் கொன்றுவிட்டாளாம். ஆகக் குற்றவாளி தெய்வம், குற்றம் தெய்வக் குற்றம், வழக்கு முடிந்தது! ஆட்டக்காரிகளை அழைத்துக்கொண்டு போனவன் ராஜா; ஆனால் பழியில் பெரும் பங்கு ஆடின பெண்களின் தலையில் விழுந்திருப்பதையும் கவனியுங்கள்.

விஞ்ஞானிகள் அத்தோடு விட்டார்களா? விடவில்லை. திபெத்துப் படையெடுப்பில் இறந்த சேனை என்று சிலர் எண்ணினார்கள். எலும்புகளைப் பார்த்தால் பெண்களும் இருந்தார்கள். ஆயுதக் காயங்களும் காணவில்லை. சேனை என்பது பொருந்தவில்லை. 2004-ல் போன ஒரு குழு சில மண்டையோடுகளில் மேலிருந்து உருண்டையான பொருள் விழுந்ததுபோன்ற விரிசல் கண்டு, கடும் ஆலங்கட்டி மழையே காரணம் என்றது. பிறகு 2019-ல், ஐதராபாத்தின் ஆராய்ச்சி நிலையத்தாரும் வெளிநாட்டாரும் சேர்ந்து, 38 பேரின் எலும்பிலிருந்து மரபணுவை எடுத்துப் பரிசோதித்த முடிவு வெளிவந்தது. அதிலே என்ன தெரிந்தது? 23 பேர் இந்நாட்டு வழியினர். அவர்கள் செத்தது சுமார் 1200 வருஷத்துக்கு முன். அதுவும் எல்லோரும் ஒரே நாளில் சாகவில்லை. 14 பேர் கிரீஸ், கிரீட் போன்ற கிழக்கு மத்தியதரைக்கடல் நாட்டார் வழியினர்; அவர்கள் செத்தது சுமார் 200 வருஷத்துக்கு முன்தான்! ஒருவர் தென்கிழக்காசிய வழியினர். ஒரே ராஜா, ஒரே யாத்திரை, ஒரே கோபம் என்ற கதை அங்கேயே உடைந்துபோயிற்று. ஒரு கூட்டத்துக்கும் மற்றொரு கூட்டத்துக்கும் இடையில் ஆயிரம் வருஷம்!

அந்த மத்தியதரைக்கடல்காரர் அங்கே எப்படி வந்தார்கள்? அது இன்னும் நிச்சயமாகவில்லை. விஞ்ஞானிகள் அதை ஒளிக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. "இது வரைக்கும் தெரிந்தது, இதற்குமேல் தெரியவில்லை, இன்னும் தேடவேண்டும்" என்று எழுதிவிட்டார்கள். புரோகிதனுக்கும் ஆராய்ச்சிக்காரனுக்கும் உள்ள பேதம் இதுதான். புரோகிதனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனதால் அவன் எதையும் தேடினதுமில்லை, கண்டுபிடித்ததுமில்லை.

இமயமலையை விட்டு நம் ஊருக்கு வருவோம். இந்த ஊத்துக்கோட்டையே ஒரு வடக்குப் பாதையின் மேல்தானே இருக்கிறது? பட்டணத்திலிருந்து பெரியபாளையம் வழியாக வருகிற வண்டியெல்லாம் இங்கே தாண்டித்தான் ஆந்திரத்துக்குப் போகிறது. ஊரைக் கடந்து சற்றுப் போனால் சுருட்டப்பள்ளி. அங்கே ஆலகால விஷத்தைக் குடித்த சிவன் மயங்கிப் படுத்திருப்பதாக ஐதீகம் சொல்லுகிறார்கள். உலகத்தைக் காப்பாற்ற விஷம் குடித்தவரை யார் காப்பாற்றியது என்றால், அவர் மனைவி தொண்டையைப் பிடித்துக் காப்பாற்றினாளாம். இதே சங்கதியைத் துப்பறியும் நாவலில் எழுதினால் ஒரு இன்ஸ்பெக்டர் கேட்கமாட்டானா, "எல்லாம் வல்லவருக்கு மயக்கம் எப்படி வந்தது?" என்று?

இந்த வடக்குப் பாதையிலே ஒரு ஊரை அடுத்து ஒரு திருப்பம். ஊர்ப் பெயர் வேண்டாம். திருப்பத்தில் ஒரு பெரிய மரம். அங்கே லாரி கவிழும், மோட்டார் சைக்கிள்காரன் விழுவான். மரத்தில் முனி இருக்கிறான், ரத்தம் கேட்கிறான் என்று வருஷாவருஷம் ஆடு வெட்டினார்கள். வண்டிக்காரர்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். முனி அடங்கவில்லை. பின்பு ரோட்டுக்காரர்கள் வந்து, வளைவின் சரிவைத் திருத்தி, ராத்திரியில் மினுங்குகிற பலகை நாலு நட்டுவிட்டுப் போனார்கள். முனி ஊரைக் காலிசெய்துவிட்டான்! ஆட்டுக்கும் எலுமிச்சைக்கும் கட்டுப்படாதவன் தகரப் பலகைக்குக் கட்டுப்பட்டுவிட்டான். முதல் லாரி கவிழ்ந்தபோதே தெய்வக் குற்றம் என்னாமல் துப்பறிந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்? கணக்குப் பார்க்கவேண்டியது அதைத்தான்.

இனி நாம் சொல்லப்போவது நமக்கே வெட்கமான சங்கதி. சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு முழுமையாகாது.

நமக்குப் பதினாறு வயதிருக்கும். நம் உறவினர் ஊரில் ஒரு வீட்டிலே தங்கச் சங்கிலி காணாமற்போயிற்று. மை பார்க்கிறவனை அழைத்து வந்தார்கள். வெற்றிலையில் மையைத் தடவி, ஒரு சிறுவனைப் பார்க்கச் சொல்லி, "கிழக்கேயிருந்து வந்த கறுத்த பெண் எடுத்தாள்" என்று சொல்லிவிட்டு, தட்சணை வாங்கிக்கொண்டு போனான். ஊருக்குக் கிழக்கே இருளர் குடிசைகள். அந்த வீட்டு வயலில் வேலை செய்த இருளப் பெண் ஒருத்தியை இழுத்துவந்து தூணில் கட்டினார்கள். அடித்தார்கள். அவளுடைய பிள்ளை அழுதுகொண்டு நின்றது. நாலாம் நாள், நெல் குதிரிலிருந்து நெல்லை அள்ளும்போது சங்கிலி அதிலே கிடந்தது. வீட்டுக்கார அம்மாள் நெல் கொட்டினபோது கழுத்திலிருந்து விழுந்திருக்கிறது. அந்த இருளப் பெண்ணிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மை பார்த்தவனிடம் யாரும் தட்சணையைத் திருப்பிக் கேட்கவுமில்லை.

தோழர்களே! அன்று நாமும் அந்த வாசலிலே நின்றோம். அன்று நம் கையில் ஒரு துப்பறியும் நாவல் மடித்து வைத்திருந்தது. சங்கிலியைக் கடைசியாகப் பார்த்தது யார், எங்கே, எப்போது என்று கேட்கவேண்டுமென்று அந்தப் புத்தகத்தின் முதல் பக்கமே நமக்குச் சொல்லியிருந்தது. ஆனால் பெரியவர்கள் முன்னிலையில் வாய் திறக்கவில்லை. நம் வாலிபத் தோழர் கேட்டாரே, நாவலைப் படித்து என்ன பயன் என்று; படித்ததைப் பேசாவிட்டால் ஒரு பயனுமில்லை என்பதுதான் நம் அனுபவம்.

இதிலே இரண்டு மூடநம்பிக்கைகள் சேர்ந்து வேலை செய்தன என்பதைக் கவனிக்கவேண்டும். ஒன்று மை. மற்றொன்று சாதி. மை, "கறுத்த பெண்" என்றுதான் சொல்லிற்று. அவளை இருளச்சியாக்கினது யார்? ஊரார் மனத்திலிருந்த சாதி. இன்ன பிறப்பில் பிறந்தவன் திருடுவான் என்பது, இன்ன மரத்தில் முனி இருக்கிறான் என்பதைப் போன்ற மூடநம்பிக்கையே தவிர வேறில்லை. நம்மை ஆண்ட வெள்ளைக்காரனும் இதையே சட்டமாக்கினான். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று 1871-ல் வடநாட்டில் தொடங்கி, 1911-ல் சென்னை ராஜதானிக்கும் கொண்டுவந்தான். பிறந்த குழந்தையே குற்றவாளி! 1952-ல்தான் அது நாடு முழுவதும் ஒழிந்தது. சட்டப் புத்தகத்தைவிட்டுப் போயிற்று, மனத்தைவிட்டுப் போயிற்றா? 1993-ல் கடலூர்ப் பக்கத்திலே, நகைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் போகப்பட்ட குறவர் ஒருவர் போலீஸ் காவலிலே மாண்டார். அவர் தப்பியோடிவிட்டதாகப் போலீசார் சொன்னார்கள். அவர் மனைவி ஐக்கோர்ட்டுக்குப் போனார். சாட்சியும் தடயமும் ஒவ்வொன்றாக வெளிவந்து, போலீசார் தண்டனை அடைந்தார்கள். 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படம் அந்த வழக்கைத் தழுவியதுதான். எழுத்தறிவில்லாத ஒரு ஏழைப் பெண், "என் புருஷன் எங்கே?" என்று விடாமல் கேட்டாளே, அதைவிடப் பெரிய துப்பறிதல் எந்த நாவலில் இருக்கிறது?

முன்னே சொன்ன நாக்ஸ் பாதிரியாரின் விதிகளில் மற்றொன்று, கதையிலே சீனன் வரக்கூடாது என்பது. காதுக்கு விகாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்காலத்து மலிவுக் கதைகளிலே சீனன் ஒருவன் வந்துவிட்டால் அவனே குற்றவாளி என்று எழுதி வைப்பது வழக்கம். பிறப்பைக் காட்டிக் குற்றத்தைத் தீர்ப்பது சோம்பேறி ஆசிரியனின் வேலை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் எத்தனை சோம்பேறி ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே அந்த வாலிபத் தோழருக்கு நம் பதில் இது. துப்பறியும் நாவலும் பொய்க் கதைதான், சந்தேகமில்லை. ஆனால் அது தன்னைப் பொய் என்று சொல்லிக்கொண்டு வருகிறது, நம்பாதவனுக்கு நரகம் என்று மிரட்டுகிறதில்லை, தட்சணை கேட்கிறதில்லை. அது பொய்க் கதையில் மெய்யான வழியைக் கற்பிக்கிறது. புராணமோ, தன்னை மெய் என்று சொல்லிக்கொண்டு வந்து, மெய்யைத் தேடுகிற வழியை அடைக்கிறது.

இனி உங்கள் வீட்டில் ஒரு துன்பம் வந்தால், யாரை அழைப்பது என்று யோசிப்பதற்கு முன், நாவலில் வருகிறவன் கேட்கிற நாலு கேள்வியைக் கேளுங்கள். என்ன நடந்தது? யார் கண்ணால் பார்த்தார்? வேறு காரணம் இருக்கக்கூடுமா? இந்தக் கதையை நாம் நம்பினால் யாருக்கு லாபம்? விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே 1976-ல் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதினவர்கள் மறந்தாலும் நாம் மறக்கவேண்டியதில்லை.

நாளைக்கே இந்த ஊரில் எங்கேயாவது ஒரு சங்கிலி காணாமற்போகலாம். யாராவது மை டப்பாவோடு வரலாம். யாரையாவது தூணில் கட்டலாம். அந்த வாசலில் உங்களில் ஒருவர் நிற்பீர்கள். அன்று நாம் நின்றதுபோல் நில்லாதீர்கள். "முதலில் குதிரைப் பாருங்கள்" என்று சத்தமாய்ச் சொல்லுங்கள். அதைச் சொல்ல ஒரு ஆள் இந்தக் கூட்டத்திலிருந்து கிடைத்தால் நாம் பஸ் ஏறி வந்தது வீணல்ல.